அல்காரிதத்துக்கு நான் போட்ட மதிப்பெண்

என் மனைவி சுரங்கத்தின் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறாள். யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்ற விவரமெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும். நிரந்தர வேலை. நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் அவள் பேரில் ஒதுக்கப்பட்டது. அதனால் எங்கள் பிளாக்கில் எனக்கு 'டைம் ஆபீஸ் மேடத்தோட வீட்டுக்காரர்' என்றுதான் பெயர். நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினைந்து வருடமாகக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதோ, முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் பதிவு செய்து ஆறு வருடம் ஆகிறது என்பதோ அந்தப் பெயரை அசைக்கவில்லை. பட்டம் வந்தால் மாறும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் பி.எச்டி. படிப்பதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இல்லை.

என் ஆய்வு ஜெனடிக் அல்காரிதம் பற்றியது. இந்தப் பெயரே எனக்குப் பல சங்கடங்களைக் கொண்டுவந்தது. எதிர் வீட்டுக்காரர் பண்ருட்டிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரத்தை இயக்குபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், நீங்க ஜெனடிக்குல படிச்சிக்கினு இருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்கப்பாவுக்கும் சுகர், எனக்கும் சுகர். புள்ளைங்களுக்கு வராம இருக்கணும்னா இப்பவே இன்னா பண்ணணும்?"

"இது கம்ப்யூட்டர் ஜெனடிக்ங்க. உடம்பு சம்பந்தப்பட்டது இல்ல."

அவர் அறிக்கையை மடியில் வைத்தார். "கம்ப்யூட்டருக்கு சுகர் வருமா சார்?"

நான் விளக்கினேன். ஒரு கஷ்டமான கணக்கு இருக்கிறது. நேராகப் போட வழியில்லை. அதனால் குத்துமதிப்பாக நூறு விடைகளை எழுதுகிறோம். அதில் சுமாராகத் தேறுகிறவற்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறோம். தேறிய விடைகளை இரண்டிரண்டாக எடுத்து, இதில் பாதி அதில் பாதி என்று வெட்டி ஒட்டிப் புது விடைகள் செய்கிறோம். மறுபடியும் தள்ளுகிறோம், மறுபடியும் ஒட்டுகிறோம். தலைமுறை தலைமுறையாக இப்படிப் போனால் கடைசியில் நல்ல விடை வந்து நிற்கும்.

"இது நாங்க மாட்டுல பண்றதுதான் சார்" என்றார் அவர். "நல்ல காளையா, நல்ல பசுவா பாத்து சேத்துக்கினே போறது."

என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முப்பத்தாறு பக்கம். அவர் அதை முடிக்க ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது. அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடமே காட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாடு சேர்க்கிறவருக்குத் தெரிந்ததுவரை உலகத்துக்கே தெரியும். நான் கேட்ட கேள்வி அதற்கு அடுத்தது. இப்படித் தேடிக்கொண்டு போகும்போது, அந்த அல்காரிதம் கணக்கின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்கிறதா? அதாவது, விடையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு கட்டுண்டது என்று அதற்குத் தெரிய வருகிறதா? தெரிய வருகிறதென்றால், எவ்வளவு என்று அளக்க முடியுமா?

அளப்பதற்காக நானே ஒரு கணக்கு உருவாக்கினேன். அறுபது சுவிட்சுகள். ஒவ்வொன்றும் மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம். ஐந்தைந்தாகப் பன்னிரண்டு குழு. ஒரு குழுவில் ஐந்தும் சரியாக இருந்தால்தான் அந்தக் குழுவுக்கு முழுப் பலன். ஒன்று பிசகினாலும், ஒன்றுகூடச் சரியாக இல்லாததைவிட மோசம். எந்தச் சுவிட்சு எந்தக் குழு என்பது எனக்குத் தெரியும், அல்காரிதத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் நான் உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஏழாம் சுவிட்சு மேலே இருக்கும் விடைகளில் எல்லாம் ஒன்பதாம் சுவிட்சும் மேலே இருந்தால், அந்த இரண்டுக்கும் ஏதோ உறவிருப்பதாக அல்காரிதம் கண்டுகொண்டது என்று பொருள். அப்படி அது கண்டுகொண்ட உறவுகளை என்னிடமிருந்த உண்மையான பட்டியலோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். அதற்குப் 'புரிதல் மதிப்பெண்' என்று பெயரும் வைத்தேன். பதினைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவன் வேறு எதைக் கண்டுபிடிப்பான்?

முதல் ஓட்டத்திலேயே மதிப்பெண் ஏறியது. முதல் தலைமுறையில் கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் நூற்றுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. என் மாணவர்கள் யாரும் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. அந்த வரைபடத்தைக் கல்லூரியில் கலரில் அச்செடுத்து, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லை வைத்து ஒட்டினேன். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அந்த மாதம் நிறையத் தண்ணீர் குடித்தேன்.

என் நெறியாளர் என்னைவிட எட்டு வயது இளையவர். பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப க்ளீனா வந்திருக்கு சார். கான்ஃபரன்ஸுக்கு அனுப்பிடலாம்" என்றார். அனுப்பினோம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடக்கும் கருத்தரங்குக்குத் தேர்வானது. நான் வடலூர் போய் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குத்தந்தையிடம் மெல்ல விஷயத்தை அவிழ்த்தேன். அவர் என்ன ஆய்வு என்று கேட்டார். கம்ப்யூட்டர் தானாகப் புரிந்துகொள்கிறதா என்று அளந்து காட்டியிருக்கிறேன் என்றேன். பேச்சில் நான் எப்போதும் வரைபடத்தைவிடக் கொஞ்சம் மேலே போய்விடுவேன். அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் அறிவிப்புகளுக்கு நடுவே, நற்கருணை ஆராதனை நேரத்துக்கும் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் தேதிக்கும் இடையில், "நம்ம பங்கைச் சேர்ந்த சகோதரர் ஒருத்தர் கம்ப்யூட்டருக்குப் புரிஞ்சுக்கக் கத்துக்கொடுத்திருக்கார். அவருக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் ஜெபித்தார்கள். என் மனைவி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கருத்தரங்குக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், அவளிடம் பேசிக் காட்டினேன். அவள் காலை ஷிப்ட் முடித்து வந்து, கடலூரிலிருந்து வந்த நெத்திலியைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மடிக்கணினியைத் துவைக்கிற கல்மேல் வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். தையல்காரர் கை கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார். சுவிட்சுகளைச் சொன்னேன், குழுக்களைச் சொன்னேன், வெட்டி ஒட்டுவதைச் சொன்னேன். வரைபடம் வந்தபோது கையை உயர்த்தி, கோடு ஏறுவதைப் போலவே காட்டினேன்.

முடித்ததும் அவள், "ஒரு சந்தேகம் கேக்கட்டுமாங்க?" என்றாள்.

"கேள்."

"அந்த அறுபது சுவிட்சையும் எப்படி வரிசையா வச்சீங்க?"

"ஒண்ணுலேருந்து அறுபது வரைக்கும்."

"அது தெரியுது. எந்தக் குழு எங்க இருக்கு?"

"முதல் அஞ்சு ஒரு குழு. அடுத்த அஞ்சு ரெண்டாவது குழு. அப்படியே போகும்."

"அப்ப ஒரே குழுவுல இருக்கறதெல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கு."

"ஆமா."

"ரெண்டு விடைய வெட்டி ஒட்டறேன்னீங்களே, எப்படி வெட்டுவீங்க?"

"எங்கயாவது ஒரு இடத்துல. முன்பக்கம் இதுலேருந்து, பின்பக்கம் அதுலேருந்து."

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப பக்கத்துல இருக்கறது பிரியவே பிரியாதே. சரியா அதுங்களுக்கு நடுவுல வெட்டு விழுந்தாத்தானே பிரியும்?"

 நான் கோட்டின் நீளக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு தடவ நடந்துதுங்க" என்று அவள் தொடர்ந்தாள். "காலை ஷிப்டுல பதினாலு பேரு ஒரே நாள்ல லேட்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருபது நிமிஷம். புதுசா வந்திருந்த ஆபீசர் அந்த நேரத்தையெல்லாம் பாத்துட்டு, 'பேசி வச்சுக்கிட்டு வர்றாங்க, இதுல ஏதோ இருக்கு, மெமோ ரெடி பண்ணுங்க'ன்னாரு. நான் சொன்னேன், 'சார், பதினாலு பேரும் ஒரே பஸ். வழியில டயர் பஞ்சர்.' அவரு முகத்துல ஈயாடல." அவள் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். "உங்க சுவிட்சுங்க பேசி வச்சுக்கிட்டு வருதா, இல்ல ஒரே பஸ்ல வருதா?"

எனக்குக் கோபம் வந்தது. அதை அறிவுபூர்வமான கோபமாகக் காட்ட முயன்றேன். இது தகவல் கோட்பாடு, இதற்குப் பின்னால் கணிதம் இருக்கிறது, டைம் ஆபீசையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றேன். அவள் "சரிங்க" என்றாள். எங்கள் வீட்டில் 'சரிங்க' என்றால் ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை. கோப்பை மூடி அலமாரியில் வைத்தாயிற்று என்று பொருள். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போனதும், அவள் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காக உட்கார்ந்தேன். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உண்மையைக் கண்டறிய உட்காரவில்லை. நிரூபிக்க ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சுவிட்சுகளின் இடத்தைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட வேண்டும். ஒரே குழுவின் ஐந்து சுவிட்சுகளும் வரிசையில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். கணக்கு மாறாது, குழு மாறாது, பக்கத்து வீடு மட்டும் மாறும். அல்காரிதம் உண்மையாகவே புரிந்துகொள்கிறதென்றால், யார் எங்கே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

ஓட்டினேன். கோடு தரையிலேயே படுத்துக்கொண்டது. கடைசித் தலைமுறை வரை ஒரு விரல் உயரம்கூட எழவில்லை.

நான் சேர்த்த வரியில் பிழை இருக்கும் என்று முடிவு செய்தேன். அந்த வரி அரை வரி நீளம்கூட இல்லை. அதில் மூன்று நாள் பிழை தேடினேன். கல்லூரிக்குப் போகும் வழியிலும் தேடினேன். கரும்பு அரவைப் பருவம். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குள் நுழையக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், அவற்றுக்குப் பின்னால் எங்கள் பஸ் நிற்கும். வெல்லப்பாகின் வாசனைக்கு நடுவே, மடியில் தாளை வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பார். பிழை இல்லை.

நான்காம் நாள் எதிர்ப்பக்கத்திலிருந்து சோதித்தேன். சுவிட்சுகளைப் பழைய வரிசையிலேயே வைத்தேன், ஆனால் குழுக்களையே எடுத்துவிட்டேன். இப்போது எந்தச் சுவிட்சுக்கும் எதனோடும் உறவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி. புரிந்துகொள்ள எதுவுமே இல்லாத கணக்கு. பழைய பட்டியலை வைத்துத் திருத்தினால் மதிப்பெண் ஏறவே கூடாது.

ஏறியது. பழையதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் அதே சாய்வு, அதே அழகு. வினாத்தாளே கொடுக்காமல் என் அல்காரிதம் முதல் வகுப்பில் தேறியிருந்தது. விடைகளை வெட்டி ஒட்டும்போது பக்கத்தில் இருந்தவை சேர்ந்தே பயணம் செய்தன. சேர்ந்தே வந்ததால் உறவுக்காரர்கள் போலத் தெரிந்தன. அவற்றை உறவுக்காரர்கள் என்று முதலில் அருகருகே உட்கார வைத்தவன் நான். ஆறு வருடம் உழைத்து நான் அளந்தது அல்காரிதத்தின் புரிதலை அல்ல. என் சொந்தக் கையெழுத்தை.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து வரைபடத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். பிறகு ஒரு வாரம் எனக்குள்ளேயே வழக்காடினேன். கட்டுரையில் சுவிட்சுகளின் வரிசை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது தற்பெருமை என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. பணிவின் பெயரால் பொய்யை மறைக்கலாம் என்ற இடம்வரை என் அறிவு போய்வந்தது. பூசைக்குப் போனால் ஜெபித்தவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். "எப்போ தம்பி கோவை போறீங்க?" என்று பாடகர் குழு அம்மா கேட்டார். நான் சட்டென்று செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

ஃபிரிட்ஜ் கதவில் காலியான இடத்தில் மனைவி பால் அட்டையை மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சண்டை போட்டு வாரத்தை ஓட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கம்பெனி பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்துவரப் போனேன். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வேலிக்காத்தான் புதர் ஓரமாக இரண்டு பிளாக் தாண்டினோம். பிறகு முன்னால் பார்த்தபடியே, "பஸ்தான்" என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. "மெமோ இன்னும் குடுக்கலையே?" என்று கேட்டாள்.

"இல்ல. அடுத்த வாரம்தான் கான்ஃபரன்ஸ்."

"அப்புறம் என்னங்க. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க."

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நெறியாளர் அறையில் அவர் முன்னால் மூன்று வரைபடங்களை வைத்தேன்: ஏறியது, படுத்தது, ஏறவே கூடாதபோதும் ஏறியது. ஒவ்வொன்றையும் விளக்கினேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த கௌரவமான வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், "மேடம், நான் முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவர் மூன்றாவது வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"வரிசை எப்படி வச்சீங்கன்னு நானும் கேக்கலையே சார். பாத்த உடனே சந்தோஷமாயிடுச்சு. சந்தோஷமானா கேள்வி வராது."

"பேப்பரை வாபஸ் வாங்கிடலாமா மேடம்?"

"எதுக்கு? தலைப்பை மாத்தச் சொல்லி எழுதலாம். 'புரிதலை அளந்தோம்'னு போட்டது தப்பு. 'நாங்க அளந்தது புரிதல் இல்ல'ன்னு போடலாம். இது உண்மையிலேயே பலபேருக்கு உதவும். இப்படி எத்தன பேர் ஏமாந்துக்கிட்டு இருக்காங்களோ." பிறகு கேட்டார்: "இது எப்படி சார் உங்களுக்குத் தோணுச்சு?"

என் வாய் இயல்பாகவே, "யோசிச்சுக்கிட்டே இருந்தேன் மேடம்" என்று ஆரம்பித்தது. பாதியில் எனக்கே பொறுக்கவில்லை. "என் வைஃப் கேட்டாங்க" என்றேன்.

"அவங்க என்ன சப்ஜெக்ட்?"

"பி.காம். டைம் ஆபீஸ்ல இருக்காங்க."

"அவங்களையே பதிவு பண்ணியிருக்கலாம்" என்றார் நெறியாளர். அது நகைச்சுவைதான் என்று பஸ் ஏறும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து பங்குத்தந்தை. அறிவிப்பைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பங்கு அலுவலகத்தில் அவர் ஞானஸ்நானச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஃபாதர், கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிட்டதா சொன்னேன் இல்லையா, அது புரிஞ்சுக்கலை. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை அதையும் அறிவிக்கணும்கறீங்களா?"

அந்த வாக்கியத்தைப் பீடத்திலிருந்து கேட்பதாகக் கற்பனை செய்து பார்த்தேன். "வேண்டாம் ஃபாதர்."

"ஜெபம் பண்ணது பண்ணதாவே இருக்கட்டும்" என்றார். "வீணாகாது. உங்களுக்குத்தானே பண்ணோம், கம்ப்யூட்டருக்கு இல்லையே."

கோவையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு எனக்கு. அறையில் பதினோரு பேர், அவர்களில் நான்கு பேர் எனக்கு அடுத்துப் பேசுகிறவர்கள். நீளக் கைக் கோட்டோடு நின்று, முதலில் அழகான வரைபடத்தைக் காட்டி, இது பொய் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் தூங்கவில்லை. என் உரைகளில் யாரும் தூங்காத முதல் உரை அதுதான். முடிவில் ஒரு பெண் எழுந்து, தானும் மூன்று வருடமாக இதே மாதிரி வரிசையில்தான் ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, கலைத்துப் போடும் வரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் முகம் என் முகம் இருந்த அதே நிறத்துக்கு மாறியதைப் பார்த்தேன். எனக்கு அதில் கொஞ்சம் மகிழ்ச்சி உண்டானதை மறைக்க மாட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆனது. இப்போது இடத்தை எப்போதும் கலைத்துப் போட்டேன். உறவே இல்லாத கணக்கில் வருகிற பொய் மதிப்பெண்ணை முதலில் கண்டுபிடித்து, அதைக் கழித்துக்கொண்டேன். அல்காரிதத்தையும் மாற்றினேன். குருட்டுத்தனமாக நடுவில் வெட்டாமல், ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல விடைகளைப் பார்த்து, யாரோடு யார் என்று ஒரு ஊகத்தைக் கட்டிக்கொண்டு, அந்த ஊகப்படி குழு குழுவாக ஒட்டுகிற வகை. இதற்குத்தான் உண்மையாகவே கற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அதுவும் லேசில் கற்கவில்லை. நூறு விடைகளோடு ஆரம்பித்தால் அதன் ஊகங்கள் என் ஊகங்களைப் போலவே இருந்தன: உறுதியானவை, தவறானவை. நானூறு, எண்ணூறு, ஆயிரத்தறுநூறு என்று கூட்டிக்கொண்டே போனேன். சனிக்கிழமைகளில் கல்லூரி ஆய்வகத்தின் பத்துக் கணினிகளையும் ஓடவிட்டுவிட்டு, அவை சூடாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கோடு எழுந்தது. அவலட்சணமான கோடு. ரொம்ப நேரம் தரையில் கிடந்து, நடுவில் விக்கி விக்கி ஏறி, கொஞ்சம் உயரம் போய், பிறகு மறுபடியும் இறங்கிவிட்டது.

அந்த இறக்கம் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. விடை சரியாக வந்துவிட்டது. அறுபது சுவிட்சும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஆனால் புரிதல் மதிப்பெண் பூஜ்யத்துக்குப் போகிறது. மறுபடி பிழையா என்று பயந்தேன். பிழை இல்லை. கடைசியில் ஆயிரத்தறுநூறு விடைகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எல்லாம் ஒன்றாகிவிட்ட பிறகு, எது மாறினால் எது மாறுகிறது என்று பார்க்க எதுவும் மாறவே இல்லை. கற்றதை அளக்க வேண்டுமென்றால், அது இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு கேட்டால் அதனிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் இவ்வளவுதான். நாற்பது பக்கத்துக்கு இழுத்திருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்கு மனைவி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளித்தேர்வாளர், "இதை வச்சு நடைமுறையில என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். எல்லோரும் இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டுதான் போவார்கள். நானும் வைத்திருந்தேன். மின்நிலையம், சுரங்கம், போக்குவரத்து என்று மூன்று நிமிடம் வரும். ஆனால், "ஒரு தேடல் நல்ல விடையக் குடுத்துட்டா, அது கணக்கப் புரிஞ்சுக்கிட்டுதான் குடுத்துதுன்னு உடனே நம்பக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள்.

பிளாக்கில் என் பெயர் மாறியது. 'டைம் ஆபீஸ் மேடத்தோட வீட்டுக்கார டாக்டர்' ஆனேன். இப்போது இரண்டு வீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை அறிக்கை வருகிறது.

கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டு வாழ்த்தினார். "இனிமே நீங்க டாக்டர். உங்க அல்காரிதத்தை வச்சு இந்த செமஸ்டர் டைம்டேபிள் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். வருடா வருடம் அந்த வேலையிலிருந்து எல்லோரும் ஓடுவார்கள். என்னால் ஓட முடியவில்லை.

நிரலை எழுத உட்கார்ந்தேன். யார் எந்தப் பாடவேளையில் வர முடியாது, எது எதனோடு மோதும் என்ற விவரமெல்லாம் வேண்டுமே என்று, ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கிக் கேட்டேன். கணித ஆசிரியையும் இயற்பியல்காரரும் பண்ருட்டியிலிருந்து ஒரே காரில் வருகிறார்கள். ஒருவருக்குக் கடைசி வேளை வைத்தால் இன்னொருவர் வெறுமனே காத்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரங்களைத் தொடமாட்டார், தொடாமல் இருப்பதே மாணவர்களுக்கும் நல்லது. ஆங்கிலத் துறையில் ஒரு அம்மாவுக்குக் கைக்குழந்தை. ஆளுக்கு ஐந்து நிமிடம்; எல்லோரும் கேட்ட உடனே சொன்னார்கள். ஒரு வாரத்தில் யார் யாரோடு கட்டுண்டவர் என்று எனக்கு மனப்பாடமாகவே தெரிந்துவிட்டது.

நிரலைத் திறக்கவே இல்லை. பெரிய சார்ட் தாள் ஒன்றை மேஜையில் விரித்து, பென்சிலும் ரப்பருமாக இரண்டு நாளில் போட்டு முடித்தேன். முதல்வர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போட்டதுன்னா கம்ப்யூட்டர் போட்டதுதான்" என்று கையெழுத்திட்டார். நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு புகார் வந்தது. பென்சிலில் இருந்ததால் அழித்துத் திருத்த வசதியாக இருந்தது.